சிற்றோடை தரும் மின்னொளி



கண்டி மாநகரைச் சூழ்ந்துள்ள மலைநாடு உயரமும் நீரும் ஒருங்கே வாய்ந்தது. இத்தகைய நாட்டில் மின்சாரம் பிறப்பிக்கப் பேரணைதான் வேண்டுமென்பதில்லை, சிற்றோடையும் உதவும். அதன் கணக்கு எளியது. செக்கனுக்கு 20 லீற்றர் நீரை 50 மீற்றர் உயரத்திலிருந்து குழாய்வழி இறக்கி ஒரு சுழலியின்மீது பாய்ச்சினால், இழப்புகள் போக ஏறத்தாழ 5 கிலோவாட்டு மின்சாரம் கிடைக்கும். வீட்டுக்கு 200 வாட்டு எனப் பங்கிட்டால், 25 வீடுகளில் விளக்கெரியும், வானொலியும் ஒலிக்கும்.

இந்த உண்மையை நம் நாட்டில் முன்னரே பயன்படுத்தியவர்கள் தேயிலைத் தோட்டத்தார். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பல தோட்டங்கள் தத்தம் ஓடைகளில் சுழலிகளை அமைத்துத் தொழிற்சாலைகளை இயக்கின. ஆயினும், கொழுந்து பறித்தவர்களின் லயன் அறைகளில் பெரும்பாலும் குப்பி விளக்கே எரிந்தது.

பொறியியலாளர் விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டில் எடுத்துரைத்த நீர்மின் திட்டம், 1950இல் லக்சபானவில் செயலுருப் பெற்றது. பின்னர் தேசிய மின்கம்பி தோட்டங்களை எட்டவே, பழைய சுழலிகள் பல கைவிடப்பட்டுத் துருப்பிடித்தன. 1970களில் எண்ணெய் விலை ஏறிய பின்னரே அவற்றின் அருமை மீண்டும் உணரப்பட்டது. அடுத்து, மின்கம்பி எட்டாத மலைக்கிராமத்தவர் சங்கம் அமைத்து, சிரமதானமாக வாய்க்கால் வெட்டி, தமக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே பிறப்பிக்கலாயினர்.

இதன் நன்மைகள் பல. எரிபொருட் செலவு இல்லை, புகை இல்லை. குடிமக்கள் இடம்பெயரவும் வேண்டியதில்லை. 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கியதைக் கண்டி மக்கள் மறந்திரார். சிறு நிலையமோ ஓடையை மறிப்பதற்கு ஒரு தாழ்ந்த தடுப்பையும், நீரைக் கொண்டு செல்ல ஒரு வாய்க்காலையும் மட்டுமே வேண்டுவது.

நிற்க, இடர்களையும் ஆராய்வோம். மழை பொய்த்த மாதங்களில் ஓடை மெலியும், விளக்கும் மங்கும். அடைமழையிலோ மண்சரிந்து வாய்க்கால் உடையும். நீர் புகும் வாயிலில் இலைகளும் சருகுகளும் நாள்தோறும் அடைத்துக்கொள்ளும். அவற்றை அகற்றுவது யார்? வயலுக்கு நீர் வேண்டிய நாளில் சுழலிக்கு எவ்வளவு விடுவது? சந்தாப் பணம் செலுத்தாதவரை என்செய்வது? இக்கேள்விகளுக்கு விடை காணாத ஊரில், நல்ல இயந்திரமும் ஓராண்டில் பழுதாகும். ஓடையின் நீர் முழுவதையும் குழாயில் திருப்பிவிட்டால், தடுப்புக்குக் கீழுள்ள பகுதி வறண்டு மீனினம் அழியும் என்பதையும் எண்ணவேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய இடர், தேசிய மின்கம்பி ஊருக்குள் வருவதே. தோட்டங்களில் நிகழ்ந்தது கிராமங்களிலும் நிகழ்ந்தது. பொத்தானை அழுத்தினால் எந்நேரமும் ஒளி கிடைக்கும்போது, சருகு அகற்றச் செல்வாரில்லை, சங்கமும் கலைகிறது.

இதற்கு மாற்று உண்டு. 1990களின் பிற்பகுதியில் இலங்கை மின்சார சபை, சிறு நிலையங்களின் மின்சாரத்தைப் பொதுவான ஒப்பந்த முறையில் வாங்கத் தொடங்கியது. அவ்வழியில் தனியார் நிலையங்கள் பல எழுந்தன. ஆனால், 5 கிலோவாட்டு மட்டும் தரும் கிராம நிலையத்துக்கு, மின்கம்பியுடன் இணைக்கும் பாதுகாப்புக் கருவிகளின் செலவே பெருஞ்சுமை. அச்சுமையை அரசு பகிர்ந்துகொண்டால், ஊரார் உழைப்பில் எழுந்த நிலையம் ஊருக்கு வருவாய் தரும்; நாட்டின் எண்ணெய்ச் செலவும் ஓரளவு குறையும்.

அவ்வருவாயில் ஓடையின் கரையில் வாழ்வோர் அனைவருக்கும் பங்கிருத்தல் வேண்டும். லயன் அறையின் குப்பி விளக்கு நமக்குக் கற்பித்த பாடம் இதுவே.