காற்றில் நின்ற இரட்டை இறக்கை

சமையலறைத் தராசில் என் ரிமோட் விமானம் 300 கிராம் காட்டியது. மோட்டார், பேட்டரி, ரிசீவர், சர்வோக்கள், மேலும் கீழுமாக இரண்டு இறக்கைகள் எல்லாம் சேர்த்து அவ்வளவுதான். ஃபோம் ஷீட்டில் வெட்டிய ஒவ்வோர் இறக்கையும் 80 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம்.

இந்த எண்களை வைத்தே விமானத்தின் குணத்தைச் சொல்லிவிடலாம். இரு இறக்கைகளின் பரப்பு 0.29 சதுர மீட்டர். ஆக, ஒரு சதுர மீட்டருக்குச் சுமை ஏறத்தாழ ஒரு கிலோ. தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். அதனால் எடை கால்வாசியானால் பாதி வேகமே போதும். என் கணக்கில், பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் மணிக்குச் சுமார் 16 கி.மீ. வந்தது. சைக்கிள் போகும் வேகம்! அதற்குக் கீழே போனால், இறக்கையின் மேற்புறத்தைத் தழுவி ஓடும் காற்று பிரிந்துவிடும். விமானம் தலைகுப்புறச் சரியும்.

இரண்டு இறக்கை எதற்கு? மரச்சட்டமும் துணியுமாக இருந்த காலத்தில் நீளமான ஒற்றை இறக்கை எளிதில் முறியும். பாலங்கள் கட்டிய பொறியாளர் ஆக்டேவ் சானூட், 1896இல் தன் கிளைடரின் இரு இறக்கைகளுக்கு நடுவே தூண்களும் குறுக்குக் கம்பிகளும் கொடுத்து, பாலத்தின் உறுதியை அதில் கொண்டுவந்தார். என் விமானத்தில் அந்தத் தூண்கள் மூங்கில் குச்சிகள். ஆனால் இரண்டு இறக்கை இரு மடங்கு தூக்காது. மேல் இறக்கைக்கு அடியில் அழுத்தம் கூடுகிறது, கீழ் இறக்கைக்கு மேலே குறைகிறது. நெருக்கமாக வைத்தால் ஒன்றின் பலனை மற்றொன்று கெடுக்கும். அதனால் இறக்கையின் அகலத்துக்குக் குறையாமல் இடைவெளி விட்டேன்.

முதல் முறை எறிந்ததும் மூக்கு நிமிர்ந்து, வேகம் செத்து, புல்லில் விழுந்தது. வால் கனம். பேட்டரியை இரண்டு விரற்கடை முன்னால் தள்ளினேன். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து கால்பங்கு அகலத்தில் விரல்நுனிகளை வைத்துத் தூக்கியபோது ஆடாமல் நின்றது. மறுபடி எறிந்தேன். ஏறியது.

பறக்கத் தேவையான வேகத்தைக் காற்றும் கொடுக்கும். 1903 டிசம்பர் 17 அன்று, முதல் மோட்டார் விமானத்தில் ஆர்வில் ரைட் 36.5 மீட்டர் பறக்க 12 விநாடி ஆனது. தரையை வைத்துப் பார்த்தால் ஒருவர் ஓடும் வேகம்தான். ஆனால் எதிர்காற்று மணிக்கு 40 கி.மீ.; இறக்கைக்கு அந்தக் காற்றும் வேகமே.

என் விமானம் ஏறிய நாளன்று மாலை மைதானத்தில் காற்று வலுத்தது. விமானத்தை அதற்கு நேராகத் திருப்பி, த்ராட்டிலைக் குறைத்தேன். ப்ரொப்பெல்லர் சுழல, இறக்கைகள் மெல்ல அசைய, அது என் தலைக்கு மேலே முன்னும் போகாமல் பின்னும் போகாமல் நின்றது.