நின்னு பாருங்க பாஸ்!

உங்க தெருவில் ஜேசிபி வந்து பள்ளம் தோண்டினால் என்ன நடக்கும்? பால் வாங்கப் போன தாத்தா நின்றுவிடுவார். ஸ்கூல் பையன் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போடுவான். 'லேட்டாச்சு... லேட்டாச்சு' என்று பறந்த அண்ணன்கூட, ஹெல்மெட்டைக் கழற்றாமலே ரெண்டு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். 2019-ல் இந்தக் கூட்டத்தை வைத்தே நெட்டில் மீம்ஸாகப் போட்டுத் தள்ளினார்கள். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனா ஒரு உண்மையைச் சொல்லிடறேன்... அந்தக் கூட்டத்தில் முதல் வரிசையில் நிற்கிற ஆள் நான்தான்!

நீங்க மட்டும் என்னவாம்? ராத்திரி பத்து மணிக்கு 'ஒரே ஒரு வீடியோ' என்று ஆரம்பித்து, பிஸ்கட் ஃபேக்டரி, ஸ்பிரிங் சுற்றும் மெஷின், பாட்டிலுக்கு மூடி போடும் மெஷின் என்று மணி ஒன்று ஆகிறதா இல்லையா?

ஏன் இப்படி இழுக்குது? எனக்குத் தோன்றுவது இதுதான். நம்ம கையில் இருக்கும் மொபைல் ஒரு மூடின பெட்டி. தொட்டால் படம் வருது. உள்ளே என்ன நடந்தது, யாருக்குத் தெரியும்? மெஷின் அப்படி இல்லை. இந்தப் பல் அந்தப் பல்லைத் தள்ளுது, அது ஒரு கம்பியைத் தூக்குது, கம்பி கத்தியை இறக்குது. எல்லாமே கண் முன்னாடி. அடுத்து என்ன நடக்கும் என்று நாம் நினைக்கும்போதே அது நடந்துவிடுகிறது. அந்த 'அட!' தான் கிக்!

அரியரைத் தூக்கிய ஷேப்பர்

மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு, நாலாவது செமஸ்டரில் 'கைனமேட்டிக்ஸ் ஆஃப் மெஷினரி' அரியர். ஷேப்பரின் 'க்விக் ரிட்டர்ன்' படத்தைப் பத்து தடவை வரைந்து மனப்பாடம் செய்திருந்தேன். பரீட்சையில் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டார்கள். அவுட்! காலேஜ் ஒர்க்‌ஷாப்பில் ஷேப்பர் இருந்தது. கவர் போட்டு மூடி, பூப் போடாத குறையாக வைத்திருந்தார்கள்.

லீவில் கோவை கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அங்கே ஒரு பழைய ஷேப்பர் ஓடிக்கொண்டிருந்தது. தச்சர் இழைப்புளியால் மரத்தைச் சீவுவது போல, இது இரும்பைச் சீவும். போகும்போது நிதானமாகச் சீவிக்கொண்டு போச்சு. வரும்போது 'சட்'டென்று திரும்பி வந்தது. திரும்பும்போது வெட்டுற வேலை இல்லையே, எதுக்கு டைம் வேஸ்ட்?

அதைவிட ஆச்சர்யம், அதை ஓட்டுற சக்கரம் ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. அதில் மாட்டியிருக்கும் பின், சீவப் போகும்போது பெரிய வளைவைக் கடக்கிறது. திரும்பும்போது சின்ன வளைவு. பெரிய வளைவுக்கு அதிக நேரம், சின்ன வளைவுக்குக் குறைந்த நேரம். தட்ஸ் ஆல்! பத்து தடவை வரைந்து புரியாதது, பத்து நிமிஷம் நின்று பார்த்ததில் புரிந்தது. அரியர் காலி!

டெய்லர் கடை மேஜிக்

'நான் பி.காம் ஆச்சே, எனக்கு எதுக்கு ஷேப்பர்?' என்கிறீர்களா? சரி, உங்க தெரு டெய்லர் கடைக்கு வாங்க. கையால் தைக்கும் ஊசிக்கு வால் பக்கம் ஓட்டை. தையல் மெஷின் ஊசிக்கு முனையில் ஓட்டை. கவனிச்சிருக்கீங்களா? ஊசி நூலோடு துணிக்குள் இறங்குகிறது. லேசாக மேலே கிளம்பும்போது நூல் தளர்ந்து ஒரு குட்டி வளையம் உண்டாகிறது. கீழே காத்திருக்கும் ஒரு கொக்கி அந்த வளையத்தை 'லபக்'கென்று பிடித்து, பாபினையே சுற்றி வரவைக்கிறது. மேல்நூலும் கீழ்நூலும் பின்னிக்கொள்ள, ஒரு தையல் ரெடி! எலியாஸ் ஹோவ் 1846-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய மெஷினிலேயே அந்த முனை ஓட்டை ஊசியும், ரெண்டு நூல் பின்னும் தையலும் இருந்தன.

சினிமா பைத்தியமா நீங்க? பழைய ஃபிலிம் புரொஜெக்டருக்குள் 'ஜெனிவா வீல்' என்று ஒரு நாலு வெட்டுச் சக்கரம் உண்டு. ஃபிலிமை ஒரு கட்டம் நகர்த்தும், நிற்கும், மறுபடி நகர்த்தும். நொடிக்கு 24 தடவை! நாம் விசில் அடித்துப் பார்த்த ஹீரோ எல்லாம், நின்று நின்று ஓடியவர்தான்.

இதெல்லாம் வேண்டாம், டூப்ளிகேட் சாவி போடும் கடையில் ஒரு நிமிஷம் நில்லுங்க. ஒரு பக்கம் பழைய சாவியின் மேடு பள்ளத்தை ஒரு முனை தடவிக்கொண்டே போகும். மறுபக்கம் அதே மேடு பள்ளத்தைக் கட்டர் புதுச் சாவியில் வெட்டிக்கொண்டே வரும். பக்கா காப்பி! நம்ம எக்ஸாம் ஹால் பிட்டெல்லாம் பக்கத்தில்கூட வர முடியாது.

வீடியோவில் வராத கை

இப்போ கொஞ்சம் சீரியஸ். இன்பிளான்ட் ட்ரெய்னிங்குக்காக ஒரு சின்ன கம்பெனிக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். அங்கே வரிசையாகப் பவர் பிரஸ். தகட்டை வைத்தால் மேலிருந்து 'டங்'கென்று ஒரே அடி, வாஷர் விழும். டங்... டங்... டங்... அரை மணி நேரம் வாயைப் பிளந்து நின்றேன்.

மெஷினில் இருந்த அண்ணன் சிரித்தார். "தம்பி, நீ மெஷின் ஓடுறதைப் பார்க்கிற. நான் அது நிக்குதான்னு பார்க்கிறேன்" என்றார். அப்போதுதான் அவர் இடது கையைக் கவனித்தேன். ரெண்டு விரல் பாதிதான் இருந்தது.

"என்னாச்சுண்ணே?"

"பழைய மெஷின்ல போச்சு தம்பி. இதுல ரெண்டு பட்டன் இருக்கு பாரு."

ஆமாம், தள்ளித் தள்ளி ரெண்டு பட்டன். ரெண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். ரெண்டு கையும் பட்டனில் இருந்தால், விரல் எப்படி உள்ளே போகும்? நான் இதுவரை பார்த்த ஐடியாக்களிலேயே அழகானது அதுதான்.

ஆனா, பக்கத்து மெஷினில் ஒரு பட்டனைக் கம்பி போட்டு அமுக்கிக் கட்டியிருந்தார்கள். பீஸ் கணக்குக் கூலி. ஒரு கை ஃப்ரீயானால் எண்ணிக்கை ஏறும். "தினம் காலையில நான் அவுத்து விடுவேன். மத்தியானம் மறுபடி கட்டிடுவாங்க" என்றார் அண்ணன். ஒரு பட்டன் அமுங்கியே கிடந்தால் பிரஸ் ஓடவே ஓடாதபடி டிசைன் செய்ய முடியும். அப்படிப்பட்ட கன்ட்ரோல்கள் இருக்கவும் செய்கின்றன. அந்தப் பட்டறைக்கு அது வரவில்லை, அவ்வளவுதான்.

அன்று ராத்திரி வழக்கம்போல வீடியோ பார்த்தேன். டங், டங் என்று ஒரு பிரஸ். மெஷின் மட்டும் ஃப்ரேமில் பளபளவென்று தெரிந்தது. தகடு வைக்கிற கை, மணிக்கட்டோடு கட்! யாருடைய கை என்றே தெரியவில்லை.

அதனால் பாஸ், வேடிக்கை பாருங்க. தாராளமா பாருங்க. கிண்டல் பண்றவங்க பண்ணட்டும். அடுத்த தடவை பார்க்கும்போது மெஷினோடு, பக்கத்தில் இருக்கிற கையையும் பாருங்க. 'இது எப்படி ஓடுது?' என்று கேட்டுவிட்டு, 'இது எப்படி நிக்கும்?' என்றும் கேளுங்க. நாளைக்கு நம்மில் யாரோ ஒருத்தர்தான் அந்த மெஷினை டிசைன் பண்ணப்போறோம், இன்னொருத்தர் வாங்கப்போறோம், வேறொருத்தர் அதில் நிற்கப்போறோம்.

சரி, வெளியே ஜேசிபி சத்தம் கேட்குது... நான் வர்றேன்!