குடல் காசநோயும் கூட்டு மருந்துச் சிகிச்சையும்

காசநோய் நுரையீரலை மட்டுமே பற்றும் என்று பலர் எண்ணுகின்றனர். அஃது சரியன்று. சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தையும் அது பெரிதும் தாக்குகிறது. வயிற்றுவலி, காய்ச்சல், உடல் மெலிவு ஆகியவை இதன் குறிகள். 1932இல் அமெரிக்க மருத்துவர் குரோனும் அவர்தம் தோழர்களும் விவரித்த குடல் அழற்சி நோயும் அதே இடத்தைப் பற்றி, ஏறக்குறைய இதே குறிகளைக் காட்டும். ஆயின் அதற்குத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்து உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்குவது. காசநோயாளிக்கு அதனை மட்டும் கொடுத்தால் கிருமிகள் தடையின்றிப் பெருகும். ஆகவே இரண்டையும் பிரித்தறிதல் இன்றியமையாதது.

காசநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்துத் தருவது ஏன்? ஐசோநயாஸிட் மருந்துக்கு அடங்காத கிருமி இயல்பாகவே பத்து லட்சத்தில் ஒன்று தோன்றும்; ரிபாம்பிசினுக்கு அடங்காதது பத்துக் கோடியில் ஒன்று. இரண்டிற்கும் அடங்காதது நூறு லட்சம் கோடியில் ஒன்றே. நோயாளியின் உடலில் அத்தனை கிருமிகள் இரா. ஒரே மருந்தைத் தந்தாலோ, அடங்காதவை எஞ்சிப் பெருகிவிடும்.

கார்வேட்டிநகரம் அடங்கிய சித்தூர் மாவட்டத்தில் அந்நாளில் சேர்ந்திருந்த மதனப்பள்ளியின் ஆரோக்கியவரம் நிலையத்தில் ஓய்வும் நல்லுணவும் தூய காற்றுமே முன்னர் முக்கிய சிகிச்சையாயிருந்தன. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கிற்று. ஐசோநயாஸிட்டையும் பாஸ் மருந்தையும் ஓராண்டு சேர்த்து உண்ட ஏழை நோயாளிகள், வீட்டிலிருந்தே மருத்துவ விடுதியிலிருந்தோருக்கு ஏறக்குறைய நிகராகக் குணமடைந்ததை 1959இல் அது வெளியிட்டது. குடல் காசநோய்க்கு ஆறு மாதக் கூட்டுச் சிகிச்சை போதுமென்பதும் பின்னர் அதன் ஆய்வால் தெளிவாயிற்று. இன்று முதல் இரு மாதம் நான்கு மருந்துகளும், அடுத்த நான்கு மாதம் பைராசினமைடு நீங்கலாக மூன்றும் தரப்படுகின்றன.

கால்நடைகளின் குடலைத் தாக்கும் ஒருவகை மைக்கோபாக்டீரியமே குரோன் நோய்க்குக் காரணமாகலாம் என்ற கருத்தும் உண்டு. இதனைச் சோதிக்க, ஆஸ்திரேலியாவில் 213 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வில் ஒரு பிரிவினருக்கு மூன்று மருந்துகள் இரண்டாண்டு தரப்பட்டன. தொடக்கத்தில் நலம் தெரிந்தது. அது நிலைக்கவில்லை என 2007இல் அறிவிக்கப்பட்டது.

ஐயமுள்ளவிடத்து மருத்துவர்கள் முதலில் காசநோய் மருந்துகளைத் தந்து, சில மாதம் கழித்துக் குடலை உள்நோக்கிக் கருவியால் பார்ப்பர். வலி தணிவது மட்டும் போதிய சான்றாகாது. புண் ஆறியிருத்தல் வேண்டும். காசநோய் என உறுதியானபின், நலம் கண்டதும் மருந்தை நிறுத்துவோர் நோயை மீண்டும் வரவழைப்போர் ஆவர்.