மூக்கு காத்திருக்காது

உதடும் அண்ணமும் பிளந்து பிறந்த சிசுவை ஐந்தாம் மாதத்தில் மடியிற் கிடத்திக்கொண்டு வந்து, "தையல் போடுகிற வயசு வரட்டும் என்றுதான் இருந்தோம், டாக்டர்" என்று சொல்லுகிற பெற்றோரை நான் கடிந்துகொள்வதில்லை. அவ்விதம் சொல்லியனுப்பியவர்களையே மனத்துக்குள் கடிந்துகொள்கிறேன். உதட்டுக்கு அறுவை மூன்று முதல் ஐந்து மாதத்தில் என்பது வாஸ்தவமே. அதுவரை சும்மாயிருக்கலாம் என்று யார் சொன்னது?

சில வாரத்து இளக்கம்

தாயிடமிருந்து வந்த ஈஸ்ட்ரோஜன் சிசுவின் ரத்தத்தில் மிகுந்திருக்கும் முதற்சில வாரங்களில் அதன் குருத்தெலும்பு வளைத்த பக்கம் வளைந்து அங்கேயே நிற்கும் சுபாவமுடையது; ஏறக்குறைய ஆறு வாரத்துக்குப் பின் அந்த இளக்கம் போய்விடுகிறது. இதைப் பயன்படுத்தி 1993-இல் நியூயார்க்கில் கிரேசன் என்பவரும் சகாக்களும் வகுத்த முறைப்படி, ஈறுக்கு அளவெடுத்து அக்ரிலிக் தகடொன்று செய்து, வாரந்தோறும் அதைச் சிறிது சுரண்டியும் சேர்த்தும் இடைவெளியைக் குறுக்கி, அது ஐந்து மில்லிமீட்டரளவு ஆனபின் தகட்டிலிருந்து எழும் கம்பியின் குமிழால் அமுங்கிய நாசியைத் தூக்குகிறோம். இதனால் அறுவை தவிர்வதில்லை. தையலின் இழுவிசை குறையும், அவ்வளவே. நெடுங்காலப் பலனைப் பற்றி வைத்தியரிடையே விவாதமும் உண்டு.

கிரகணமும் எண்ணெய்க் கிண்ணமும்

"கிரகணத்தன்று கத்தி எடுத்தாயா?" என்று பிளவுக்குக் காரணம் தேடிப் பிள்ளை பெற்றவளைக் கேட்பவர்களே, கிரகணம் வருஷத்துக்குச் சில நாள், ஏறக்குறைய எழுநூற்றுக்கு ஒரு சிசுவோ எல்லா மாதத்திலும் இக்குறையுடன் பிறக்கிறது. உதடு உருவாகிற ஏழாவது வாரத்துக்குள் பல பெண்களுக்குத் தாம் கர்ப்பமென்பதே தெரியாது. அவளைக் குற்றஞ் சாட்டுவது எவ்வளவு கொடுமை!

குளிப்பாட்டும் பாட்டி மூக்கை நீவிவிட்டால் எடுப்பாகிவிடும் என்பது இன்னொரு பிரமை. குருத்தெலும்புக்கு வேண்டியது இரவு பகலாகத் தாங்கும் மெல்லிய அழுத்தம், இரண்டு நிமிஷத்து நீவலன்று. நாசியில் எண்ணெய் விடுவதோ நுரையீரலுக்கே ஆபத்து. மருந்துக்கடைப் பிளாஸ்திரியைத் தாமாகவே இழுத்து ஒட்டிக் கன்னத் தோலை உரித்துக் கொண்டுவருகிறவர்களிடம் என் பொறுமை சில சமயம் நிலைகுலைந்து போகிறது. "தகடு பால் குடிக்க விடாது" என்று கழற்றி அலமாரியில் வைப்பவர்களும் உண்டு. இரண்டு மூன்று நாள் அழுதபின் பல சிசுக்கள் அதனுடனேயே சுகமாகப் பால் குடிக்கின்றன. நிமிர்த்திப் பிடித்து, பீச்சிய தாய்ப்பாலைப் பாலாடையில் சிறுகச் சிறுகப் புகட்டுங்கள்.

சோதனைகள்

சிசுவுக்கு நாங்கள் சோதித்துப் பார்ப்பவை: எடை, ஹீமோகுளோபின், இருதயம், காது.

வேண்டுகோள்

கருத்தரிக்குமுன்பே ஃபோலிக் அமிலம், சர்க்கரை நோய் இருந்தால் கட்டுப்பாடு, வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்தாமல் வைத்தியரைக் கேட்டல், வீட்டில் எவரும் புகைக்காமை ஆகியவற்றைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். இவையெல்லாம் செய்தும் பிளவு வரக்கூடும். வந்தால், தீட்டுக் கழியட்டும், தொட்டிலிடட்டும் என்று நாளைக் கடத்தாமல் முதல் வாரத்திலேயே வாருங்கள். அளவெடுக்கும் நாளன்று சிசுவுக்கு வயிறு காலியாயிருக்க வேண்டும். ஆகையால் பாலைப் பீச்சிக் கையில் கொண்டுவந்து, கடைசியாகப் புகட்டிய நேரத்தை உள்ளே நுழைந்ததுமே சொல்லிவிடுங்கள்.