பாட்டி கும்பகோணம், அப்பா ஜெர்மனி... குழந்தைக்கு எந்த நாட்டு பாஸ்போர்ட்?

கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலில் சுகப்பிரசவத்துக்காக விளக்கெண்ணெய் பிரசாதம் தருவார்கள். அந்த எண்ணெய் பாட்டில் இப்போதெல்லாம் சூட்கேஸில் ஏறி வெளிநாடும் போகிறது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பது டெல்டா வழக்கம். ஆனால் பொண்ணு வேலை பார்ப்பது மியூனிக்கில், மாப்பிள்ளையும் ஜெர்மன்காரர் என்றால்? பிரசவம் அங்கேயேதான்.

வளைகாப்பு தேதி, குழந்தைக்குப் பேர் எல்லாம் வீடியோ காலிலேயே பேசி முடித்துவிடுவார்கள். பெரும்பாலும் பேச்சிலேயே வராத விஷயம் ஒன்று உண்டு: பிறக்கப்போகும் குழந்தை எந்த நாட்டுக் குடிமகன்?

“அம்மா இந்தியர்னா குழந்தையும் இந்தியர்தானே!”

அவ்வளவு சுலபம் இல்லை. 1955-ம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவுதான் இதைத் தீர்மானிக்கிறது. 1992 டிசம்பர் 10-க்கு முன்பு வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு அப்பா இந்தியராக இருந்தால்தான் வம்சாவளிக் குடியுரிமை. அம்மா மட்டும் இந்தியர் என்றால் செல்லாது. (ஆமாம், 1992 வரைக்கும் இப்படித்தான் இருந்தது.) இப்போது இருவரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும்.

ஆனால் 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்கு இந்தியக் குடியுரிமை தானாக வந்துவிடாது. பிறந்த ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். குழந்தையிடம் வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதியும் கொடுக்க வேண்டும். ஓராண்டு தாண்டிவிட்டால் மத்திய அரசின் அனுமதி தேவை.

சிக்கல் இந்த இடத்தில்தான். அப்பா ஜெர்மானியர் என்பதால் குழந்தை பிறக்கும்போதே ஜெர்மன் குடிமகன். ஊரில் தாத்தா பாட்டி பேரப்பிள்ளையைப் பார்க்கத் துடிக்கிறார்கள். அவசரத்துக்கு ஜெர்மன் பாஸ்போர்ட் எடுத்து, இந்திய விசா போட்டு, மூணாவது மாசமே ஊருக்கு வந்துவிடுகிறார்கள். மொட்டை அடித்து, காது குத்தி, திரும்பிப் போன பிறகுதான் ‘இந்தியப் பாஸ்போர்ட்டும் எடுத்திருக்கலாமோ’ என்ற யோசனை வரும். அதற்குள் அந்த உறுதிமொழியை எழுதித் தர முடியாத நிலை.

இந்தியாவில் இரட்டைக் குடியுரிமையே கிடையாதே?

பொதுவாகச் சரி. ஆனால் குழந்தைகள் விஷயத்தில் சட்டத்தின் வார்த்தைகளைக் கொஞ்சம் கவனித்துப் படிக்கணும். பதிவுக்குத் தடையாகச் சொல்லியிருப்பது இன்னொரு நாட்டின் பாஸ்போர்ட்டை. பிறப்பிலேயே வந்த இன்னொரு குடியுரிமையை அல்ல. 4(1A) உட்பிரிவு ஒரு படி மேலே போகிறது: வம்சாவளியில் இந்தியக் குடியுரிமை பெற்ற குழந்தைக்கு இன்னொரு நாட்டுக் குடியுரிமையும் இருந்தால், 18 வயது நிறைந்த ஆறு மாதத்துக்குள் அந்த வேறு நாட்டுக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும். அதாவது, எந்தப் பக்கம் என்ற முடிவை 18 வயதில் குழந்தையே எடுக்க சட்டம் இடம் வைத்திருக்கிறது. அவசரத்தில் எடுத்த பாஸ்போர்ட் அந்த வாய்ப்பை முதல் வருஷத்திலேயே மூடிவிடுகிறது.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் எடுத்தாச்சு, இப்போ என்ன?

ஓசிஐ அட்டை இருக்கிறது. பெற்றோரில் ஒருவர் இந்தியர் என்றால் குழந்தைக்குக் கிடைக்கும். ஆயுள் முழுக்க விசா கவலை இல்லை. ஆனால் ஓட்டு கிடையாது, அரசு வேலை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது.

கடைசியாகச் சொன்னது டெல்டாக்காரர்களுக்கு ரொம்ப முக்கியம். தாத்தா தன் நஞ்சை நிலத்தைப் பேரன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிவைக்க ஆசைப்படலாம். ஓசிஐ பேரனுக்கு விவசாய நிலத்தை தானமாகவும் கொடுக்க முடியாது. வாரிசுரிமையாக வந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் குடியிருக்கும் அம்மாவுக்கும் இதே தடைதான். ஒரு வித்தியாசம், அவர் ஊர் திரும்பிக் குடியேறிவிட்டால் தடை நீங்கும்.

வளர்ந்த பிறகு குழந்தைக்கே இந்தியராக வேண்டும் என்று தோன்றினால்? ஐந்து ஆண்டு ஓசிஐ அட்டையோடு இருந்து, விண்ணப்பிக்கும் முன் ஓராண்டு இந்தியாவில் வசித்தால் 5(1)(g) பிரிவில் கேட்கலாம். கேட்கலாம், அவ்வளவுதான். முடிவு அரசின் கையில்.

பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் எவ்வளவு இழுக்கும் என்பதற்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாகப் போன ஒரு வழக்கு உதாரணம். அது கலப்புத் தம்பதி கதை இல்லை. இந்தியர்களான அம்மாவும் அப்பாவும் 1998 டிசம்பரில் சிங்கப்பூர் குடிமக்கள் ஆனார்கள். மகன் அப்போது வயிற்றில். 1999 மார்ச்சில் சிங்கப்பூரில் பிறந்தார். 2017-ல் இந்தியக் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தார். சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2024 அக்டோபர் 18-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பெற்றோர் முறைப்படி அறிவித்து இந்தியக் குடியுரிமையைத் துறக்கவில்லை, வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றதால் அது தானாக முடிந்தது, எனவே பிள்ளை அதை மீட்கும் 8(2) பிரிவு இங்கே பொருந்தாது என்பது தீர்ப்பு. சட்டம் தேதியையும் பிரிவையும்தான் பார்க்கிறது. பூர்வீகம் எந்த ஊர் என்பதை அல்ல.

பேசாம கும்பகோணத்திலேயே பிரசவம் வெச்சுக்கலாமா?

வைத்துக்கொள்ளலாம். பெற்றோரில் ஒருவர் இந்தியர், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவர் இல்லை என்றால், இங்கே பிறக்கும் குழந்தை பிறப்பாலேயே இந்தியர். தூதரகப் பதிவு தேவையில்லை. 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்துவிட வேண்டும். விமானத்தை மட்டும் முன்கூட்டியே யோசியுங்கள்: 28 வாரத்துக்கு மேல் பல நிறுவனங்கள் டாக்டர் கடிதம் கேட்கும், 36 வாரத்துக்கு மேல் பெரும்பாலும் ஏற்ற மாட்டார்கள்.

அங்கேயே பிரசவம் என்றால் பாட்டி போக வேண்டியிருக்கும். ஷெங்கன் குறுகிய கால விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். பிரசவத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே போய்விட்டால், பத்தியச் சாப்பாடு போட மீதி இரண்டு மாசம். ஜெர்மனியில் பிரசவத்துக்குப் பிறகு ஹெபாமே எனும் மருத்துவச்சி வீட்டுக்கே வந்து தாயையும் சேயையும் பார்ப்பார். 12 வாரம் வரை செலவை அரசு மருத்துவக் காப்பீடு ஏற்கும். பூண்டுக் குழம்பு மட்டும் அவர் வைக்க மாட்டார் என்பதால், பாட்டியின் டிக்கெட்டை பிரசவ தேதிக்கு ஒரு வாரம் முன்னால் போடுவது உத்தமம். தூதரகப் பதிவுக்கான படிவத்தையும் பாட்டி அங்கே இருக்கும்போதே நிரப்பிவிடலாம். குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேணுமே!