லூப் ரோடு: சாலை முதலா, குப்பம் முதலா?

சென்னை கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரை கடலை ஒட்டிப் போகிறது லூப் ரோடு. சில வருஷம் முன்பு வரை அங்கே காலையில் மீன் வாங்க ஸ்கூட்டரை விட்டு இறங்கக்கூட வேண்டாம். பலகைமேல் சங்கரா, வஞ்சிரம். பக்கத்திலேயே செதில் சீவி வெட்டித் தரும் பெண்கள். பத்தடி தள்ளி, அந்த மீனைக் கொண்டுவந்த ஃபைபர் படகு. பின்னால் மாட்டிக்கொண்ட கார்க்காரருக்கு மட்டும் இதில் ரசிக்க ஒன்றுமில்லை.

2023 ஏப்ரலில் இந்தச் சாலையோர மீன்கடைகள் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்ற, சாலையை ஒட்டிய நொச்சிக்குப்பத்து மீனவர்கள் சாலையை மறித்தார்கள். அது நடந்த மாதத்தையும் கவனிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம்; நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது. பெரிய படகுகள் கட்டிக்கிடக்கும் அந்த நாட்களில்தான் குப்பத்து மீனுக்கு நல்ல கிராக்கி.

எல்லா வம்பும் 'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லில் இருக்கிறது. சாலைக்கு நடுவே கடை வந்ததாக மாநகராட்சி சொல்கிறது. குப்பத்துக்கு நடுவே சாலை வந்ததாக மீனவர்கள் சொல்கிறார்கள். யார் முதல் என்பதற்கு பட்டா காட்டச் சொன்னால் மீனவர்கள் தோற்பார்கள். வலை காயப்போடும் மணலுக்கு யார் பட்டா வாங்கினார்கள்? இதற்காகத்தான் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள், மீனவக் கிராமங்களையும் அவற்றின் பொது இடங்களையும் கடலோர மேலாண்மை வரைபடத்தில் குறிக்கச் சொல்கின்றன. வரைபடத்தில் ஏறாத இடம், வழக்கு வரும்போது வெறும் புறம்போக்குதான்.

கட்சி மாறினாலும் இந்தச் சண்டை மாறியதில்லை. 1985-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மெரினாவை அழகுபடுத்தப் படகுகளை அப்புறப்படுத்தப் போய், அது துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது, உயிர்கள் போயின. பின்னர் தி.மு.க. ஆட்சியில், கலங்கரை விளக்கத்திலிருந்து தெற்கே கடலோரமாக உயர்மட்டச் சாலை போடும் பேச்சு எழுந்து, எதிர்ப்பில் கிடப்புக்குப் போனது. 2023-இல் கடலுக்குள் 134 அடி உயரப் பேனா நினைவுச்சின்னம் என்றதும், கருத்துக்கேட்புக் கூட்டமே கூச்சல் மேடையானது. தலைவர்களின் சின்னம் என்றால் கட்சிகளுக்குத் தொண்டை திறந்துவிடுகிறது. மீன்பலகைக்கு அவ்வளவு சத்தம் வராது.

லூப் ரோட்டுக்கு அரசு கண்ட தீர்வு, நொச்சிக்குப்பத்தில் கட்டிய நவீன மீன் சந்தை. 366 கடைகள், வண்டி நிறுத்தும் இடம், ஏறக்குறைய 15 கோடி ரூபாய். 2024 ஆகஸ்டில் முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார். வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கூரையும் தண்ணீரும் சின்ன விஷயமில்லை. ஆனால் போகிற போக்கில் வண்டியை நிறுத்தி அரைக்கிலோ வாங்குபவர், உள்ளே வண்டியை விட்டுவிட்டு நடந்து வந்தால்தான் வியாபாரம். படகை இழுத்துவைக்கவும், கிழிந்த வலையை விரித்துத் தைக்கவும் இன்றும் சாலைக்குக் கிழக்கே இருக்கும் மணல்தான்.