கடைசற் பொறிக்கேற்ற எண்ணெய்கள்

உலோகத்தைக் கடைந்து உருவாக்கும் கடைசற் பொறியின் ஆயுளும் நுட்பமும் அதற்கிடும் எண்ணெயிற் பெரிதும் தங்கியுள்ளன. ஆயினும், கைக்கெட்டிய எண்ணெயை எல்லா உறுப்புக்களுக்கும் இடும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. அது பொருந்தாமையை எண்ணெயின் தொழிலை ஆராய்வார் எளிதில் உணர்வர்.

1883 ஆம் ஆண்டில் பீச்சம் ரவர் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் புகைவண்டி அச்சுப் போதிகைகளை ஆராய்ந்தபோது, சுழலும் அச்சு எண்ணெயைத் தானே இழுத்து, அதனிடத்துப் பேரமுக்கத்தைத் தோற்றுவித்தலைக் கண்டார். 1886 இல் ஒஸ்போண் ரெனோல்ட்ஸ் அதற்குக் கணித விளக்கம் தந்தார். நன்கு சுழலும் அச்சு உலோகத்தின்மீதன்று, எண்ணெய்ப் படலத்தின்மீதே மிதக்கின்றது என்பது இவற்றாற் பெறப்படும் உண்மையாகும்.

விரைந்து சுழலும் தண்டுக்குப் பிசுக்குமை குறைந்த எண்ணெய் வேண்டும். தடித்த எண்ணெய் தன் உள்ளுராய்வால் வெப்பத்தை விளைக்கும்; தண்டு விரியும்; போதிகையின் இடைவெளி மாறும்; வேலையின் அளவு பிழைக்கும். எனவே, பல பொறிகளுக்கு 22 அல்லது 32 என்னும் சர்வதேச நியம எண்ணுடைய எண்ணெய் விதிக்கப்படுகின்றது. 40 பாகை சதமவளவையில் அவ்வெண்ணெயின் பிசுக்குமை ஏறத்தாழ எத்தனை சென்ரிஸ்ரோக் என்பதையே இவ்வெண் குறிக்கும். மோட்டார் எண்ணெயின் எண்களோ வேறோர் அளவையைச் சார்ந்தன. மோட்டார் எண்ணெய் 30 ஆனது நியம எண் 100 இற்கு அண்மையது. அதனை 32 இற்கு நிகரெனக் கொள்வது பெரும் பிழையாகும்.

வழுக்கு தளங்களின் நிலை வேறு. அங்கே வண்டி மெதுவாக நகரும், இடையிடையே நிற்கும். படலம் அறுபடுமாயின் வண்டி ஒட்டியும் துள்ளியும் செல்ல, கடைந்த பரப்பில் வடுக்கள் தோன்றும். ஆதலின் பற்றுந்தன்மை ஊட்டப்பெற்ற, 68 என்னும் எண்ணுடைய வழுக்குதள எண்ணெய் ஏற்றது. கிறீசு உலோகச் சீவல்களைப் பற்றிக்கொண்டு தளத்தை அராவும். எனவே அது தவிர்க்கத்தக்கது.

மோட்டார் எண்ணெயிலுள்ள அழுக்கு நீக்கிகள் மாசினை அடியிற் படியவிடாது மிதக்கவைக்கும். வடியில்லாத தலைப்பெட்டியில் அம்மாசு போதிகைகளிடையே சுற்றித்திரியும். தாக்கமிகு கந்தகஞ் சேர்ந்த பற்சில்லு எண்ணெய் வெண்கலப் போதிகைகளை அரிக்கும்.

பொறி செய்தோர் தந்த கைந்நூலே முதல் வழிகாட்டி. அஃதில்லாதவிடத்து வேகம், சுமை, உலோகம் ஆகிய மூன்றையும் நோக்கித் தெரிதல் வேண்டும். தேய்ந்த தளத்தை மீண்டும் சீராக்குதல் அரும்பணி. அதனைத் தேயாது காத்தலோ நாடோறும் இடும் சில துளி எண்ணெயால் ஆவது.